வீட்டிலேயே தோட்டா!

சுட்ட தோட்டா மறுபடியும் சுடுமா?

"டுமீல்!"

நடு ராத்திரியில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் பட்டணத்துக்காரர் பதறி எழுந்து விடுவார். வருசநாட்டு மலையடிவாரத்தில் அந்தக் காலத்தில் யாரும் பதறுவது இல்லை. "கடலைக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது போல" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக் கொள்வார்கள்.

வைகை அணையில் இருந்து ஆற்றோடு தென்மேற்கே போனால் கடமலைக்குண்டு, வருசநாடு என்று மலை நெருங்கிக் கொண்டே வரும். மலை நெருங்க நெருங்கப் பன்றியும் நெருங்கும். மூன்றரை மாதம் பாடுபட்டு வளர்த்த நிலக்கடலையை, ஒரு கூட்டம் பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடும். கடன் வாங்கி விதைத்தவன் காலையில் வந்து பார்த்தால் வெறும் மண்தான் இருக்கும்.

அந்தப் பன்றியை விரட்டத்தான் நாட்டுத் துப்பாக்கி. இதில் தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவை. மறுபடியும் நார். பின்பக்கம் ஒரு சின்னக் கேப்பு. விசையைத் தட்டினால் கேப்பு பொறி கக்கும், மருந்து வெடிக்கும். இதற்குக் "கெட்டித்தல்" என்று பெயர். ஒரு தடவை சுட்டால், இன்னொரு தடவை கெட்டிக்க வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும்!

நரிக்குறவர்களும் இந்தத் துப்பாக்கியை வைத்துத்தான் கொக்கும் காடையும் சுட்டுப் பிழைத்தார்கள். 1972-ம் ஆண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போயிற்று. ஊசியும் பாசிமணியும் கைக்கு வந்தன.

தோட்டா வந்த கதை

சுடுகிறவனே மருந்தைக் கெட்டிக் கொண்டிருந்த காலத்தை மாற்றியது, 19-ம் நூற்றாண்டில் வந்த தோட்டா. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. கூடு, கேப்பு, மருந்து, குண்டு. சுட்டதும் மருந்து எரிந்து போகும். குண்டு பறந்து போகும். கேப்பு செத்துப் போகும். கூடு மட்டும் அப்படியே மிஞ்சும். அது நல்ல பித்தளை. நான்கிலும் விலை கூடியதும் அதுதான்.

அதைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்?

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் மனம் வரவில்லை. சீமைத் தோட்டா கப்பலில் வர வேண்டும். காகிதக் கூடு போட்ட தோட்டா மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும். ஆகவே பித்தளைக் கூடுகளைப் பத்திரமாகச் சேர்த்து வைத்து, பங்களாவில் உட்கார்ந்து தாங்களே மருந்து நிரப்பிக் கொண்டார்கள். நம்மவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. லிட்டன் பிரபு காலத்தில், 1878-ம் ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்சு இல்லாமல் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றது.

சலவைக் கடையில் ஒரு பட்டறை

இரண்டாவது உலகப் போர் நடந்தபோது தோட்டாத் தொழிற்சாலைகள் எல்லாம் பட்டாளத்துக்கே வேலை செய்தன. வேட்டைக்காரருக்கும் விவசாயிக்கும் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஓரோவில் என்று ஒரு ஊர். அங்கே பிரெட் ஹண்டிங்டன் என்பவர், குடும்பத்துச் சலவைக் கடையின் பின்கட்டில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். ஆண்டு 1943. சிறிய துப்பாக்கியில் சுட்டுக் கீழே போட்ட கூடுகளைப் பொறுக்கினார். அவற்றை அச்சில் வைத்து அழுத்திக் குண்டுக்கு மேலுறை ஆக்கும் கருவியைச் செய்தார். எதைச் சுட? "ராக் சக்" என்று ஒரு பிராணி. பெரிய அணில் மாதிரி இருக்கும். வளை தோண்டிப் பயிரைத் தின்னும். நம் ஊரில் பன்றி, அந்த ஊரில் அது!

அவர் தொடங்கிய கம்பெனிக்கு அந்தப் பிராணியின் பெயரே நிலைத்தது. ஆர்.சி.பி.எஸ். என்ற நான்கு எழுத்தில் முதல் இரண்டும் "ராக் சக்"தான். போர் முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பஞ்சத்துக்குச் செய்தது பொழுதுபோக்கு ஆகிவிட்டது. நம் வீடுகளில் தையல் இயந்திரம் இருப்பது போல, அங்கே பல வீடுகளின் கார் கொட்டகையில் தோட்டா நிரப்பும் கருவி இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. அமெரிக்காவில் ஜனங்கள் துப்பாக்கிக் கடைகளை மொய்த்தார்கள். தோட்டா தீர்ந்து போயிற்று. "எங்களுக்கு என்ன கவலை? வீட்டிலேயே செய்வோம்" என்று இருந்தவர்களும் திண்டாடினார்கள். ஏன்? கூடு கையில் இருக்கிறது. குண்டை வார்த்துக் கொள்ளலாம். ஆனால் கேப்பைக் கடையில்தானே வாங்க வேண்டும்? கடையில் கேப்பு இல்லை!

பாதிக் குன்றிமணி

இந்த வேலையில் மருந்தை "கிரெயின்" என்ற எடையால் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் ஏறக்குறைய பாதிக் குன்றிமணி எடைதான். அவ்வளவு நுணுக்கம். கை தவறினால் என்ன ஆகும்? குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தால் ஒருவேளைச் சோறு வீண். கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். சுடுகிறவனின் விரலும் கண்ணும் அந்த இடத்திலேயே போய்விடும்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் இல்லை. காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்த அதே 1959-ம் ஆண்டில்தான் இப்போதைய ஆயுதச் சட்டமும் பிறந்தது. லைசென்சு இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ம் ஆண்டில் தண்டனையைக் கூட்டினார்கள். குறைந்தது 7 வருஷம். ஆயுள் முழுவதும்கூட ஜெயிலில் கழிக்க நேரும். நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை 1903-ம் ஆண்டு முதல் இருக்கிறது. தோட்டாவுக்கு வேண்டிய மருந்தைச் செய்வது அப்படிப்பட்ட இடங்களின் வேலை.

அதே சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்தால் விவசாயிக்கு ஆச்சரியமாக இருக்கும். பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சு கேட்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் லைசென்சு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது. வன உயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும்!

இரண்டு சட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கிறவர்களில் சிலர் தப்பு வழிக்குப் போகிறார்கள். அதுதான் "அவுட்டுக்காய்". தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி. பன்றி கடித்தால் வாய் சிதறும். கடிப்பது பன்றிதான் என்று யார் கண்டது? 2020-ம் ஆண்டு மே மாதம் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் சினையாக இருந்த ஒரு யானையின் வாய் இப்படித்தான் சிதறியது. வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணீரில் இறங்கி நின்று, நின்றபடியே அது செத்துப் போனது. அடுத்த மாதம் திருச்சி மாவட்டத்தில், மீன் பிடிக்க வாங்கி வந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்து 6 வயதுப் பையன் கடித்துவிட்டான். பையன் பிழைக்கவில்லை.

மூன்று கிலோ மீட்டர்

2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோ மீட்டருக்கு அப்பால் சுடலாம். அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும்.

மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதில் என்ன லாபம்? அவர் காட்டுக்கு 1 கிலோ மீட்டருக்குள் அல்லவா இருக்கிறார்! மேகமலைக் காடு 2021-ம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம் வேறு.

ஆகவே அவர் வீட்டுப் பெண்களின் பழைய சேலைகளை வாங்கி வந்து, வேலி நெடுகக் கட்டி வைக்கிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்கிறது என்று பன்றி மிரளும். சில நாளில் அதற்கும் பழகிவிடும். அப்புறம் பரண்தான். கையில் டார்ச் விளக்கு. பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய்த் தகரம்.

நள்ளிரவுக்கு மேல் கடலைச் செடி சலசலக்கிறது.

"டங்! டங்! டங்!"