வெகுமதியும் கண்ணின் கவனமும்

நெரிசல் மிகுந்த ரயில் நிலையத்தில் நண்பர் ஒருவரைத் தேடி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான முகங்கள் கண்முன் கடந்து செல்கின்றன. அவற்றுள் ஒரு சிலவே கருத்தில் பதிகின்றன. எதனை ஏற்பது, எதனை விடுவது என்னும் இத்தெரிவையே உளவியலார் கவனம் என்பர்.

இத்தெரிவு தேவைப்படுவதற்குக் கண்ணின் அமைப்பே ஒரு காரணமாகும். விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழும் பிம்பமே மிகத் தெளிவாகப் புலப்படும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தையே, ஏறக்குறைய, ஒரு நேரத்தில் நாம் நுட்பமாகக் காண்கிறோம். ஆதலின் கண் ஓயாது இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்து எங்கே திரும்புவது என்பதை எது முடிவு செய்கிறது?

கவனம் செல்லும் வழிகள்

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், நாமே முயன்று செலுத்தும் கவனத்தையும், முயற்சியின்றித் தானே செல்லும் கவனத்தையும் வேறு பிரித்துக் காட்டினார். நண்பரைத் தேடுவது முன்னதற்கு உதாரணம். திடீரென மின்னும் விளக்கை நோக்கித் திரும்புவது பின்னதற்கு உதாரணம். நம் நோக்கமும் பொருளின் பளிச்சென்ற தோற்றமுமே கவனத்தை ஆளுகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இவ்விரண்டிலும் அடங்காத மற்றொரு காரணமும் உண்டென அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முன்பு கிடைத்த வெகுமதியே அது.

ஒரு பரிசோதனை

அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்சன், லோரன்ட், யான்டிஸ் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட பரிசோதனை இதனைத் தெளிவாக விளக்குகிறது. முதற்கட்டத்தில், திரையில் பல நிற வட்டங்கள் தோன்றின. அவற்றுள் சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்து, அதனுள் உள்ள கோடு கிடையானதா, செங்குத்தானதா எனக் கூறவேண்டும். சரியான விடைக்குச் சிறு தொகை கிடைக்கும். ஒரு நிறத்திற்கு நூற்றுக்கு 80 முறை 5 சென்ட்டும், எஞ்சிய முறைகளில் 1 சென்ட்டும் தரப்பட்டன. மற்ற நிறத்திற்கு இவ்விகிதம் நேர்மாறாக இருந்தது.

இரண்டாங்கட்டத்தில் பணம் இல்லை. நிறத்தைப் பொருட்படுத்தவும் வேண்டியதில்லை. வட்டங்களுக்கு நடுவே ஒரு சாய்சதுரம்போல, வடிவில் வேறுபட்ட ஒன்றைத் தேடுவதே வேலை. ஆயினும், முன்பு பணம் ஈட்டித் தந்த நிறம் வேறொரு வடிவத்தில் தோன்றியபோதெல்லாம் விடை தாமதமாயிற்று. மிகுந்த பணம் தந்த நிறம் தோன்றியபோது தாமதம் மிகுந்தது. அந்நிறம் மற்ற நிறங்களைவிடப் பளிச்சென்று தெரிவதும் அன்று. தேடப்படும் பொருளும் அன்று. பணமே தராமல் அதே பயிற்சியை அளித்துப் பார்த்தபோது இத்தாமதம் காணப்படவில்லை. எனவே, திரும்பத் திரும்பத் தேடிய பழக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பது விளங்கும்.

இத்தாமதம் ஒரு விநாடியின் நூறில் ஓரிரு பங்கே. நிறுத்துகடிகாரம் கொண்டு வகுப்பறையில் இதனை அளக்க இயலாது. ஆனால் இப்பதிவு எளிதில் அழிவதில்லை. இத்தகைய பயிற்சி பெற்றவர்களிடம், இடையில் வேறு பயிற்சி ஏதுமின்றி, அரை ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின்னும் இவ்விளைவு காணப்பட்டதென 2013-இல் அறிவிக்கப்பட்டது.

நட்டம் வந்தாலும் நிற்பதில்லை

ஆஸ்திரேலியாவில் லெ பெல்லியும் அவருடைய துணைவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவதாகும். இதில், திரையில் தோன்றும் ஒரு நிறம், அம்முறை கிடைக்கக்கூடிய தொகை பெரிதென அறிவிக்கும். ஆனால் அந்நிறத்தை நோக்கிக் கண் திரும்பினால் தொகை முழுவதும் பறிபோகும். பார்க்காதிருப்பதே இலாபம். அவ்வாறிருந்தும், சிறு தொகையைக் குறித்த நிறத்தைவிடப் பெருந்தொகையைக் குறித்த நிறத்தையே கண்கள் அடிக்கடி நாடின.

மூளையில் நிகழ்வது

எதிர்பாராத வெகுமதி கிடைக்கும்போது, நடுமூளையிலுள்ள, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் முனைப்புடன் இயங்குகின்றன. சில முறை பழகிய பின், வெகுமதியை முன்னறிவிக்கும் ஒளியோ ஒலியோ தோன்றிய உடனேயே அவை இயங்கத் தொடங்குகின்றன. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆராய்ச்சிகள் இதனைப் புலப்படுத்தின. இவ்வாறு அடையாளமே மதிப்புப் பெற்றுவிடுவதால், பார்வையை ஆளும் மூளைப் பகுதிகளில் அதற்கு முன்னுரிமை கிட்டுகிறது எனலாம்.

நாம் கொள்ளத்தக்கது

ஆய்வுக்கூட முடிவுகளை வகுப்பறைக்கும் வயலுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. எனினும் ஓர் எச்சரிக்கை பயன்படும். பரிசு கொடுப்பவர் ஒன்றைக் கருதியிருக்கலாம். பெறுபவரின் கண், பரிசோடு சேர்ந்து வந்த வேறோர் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளலாம். பொருளை உணர்ந்து படிக்கும் மாணவனைப் பாராட்ட எண்ணி, சிவப்பு மையால் அடிக்கோடிட்ட சொற்களுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பெண் அளித்துவந்தால், மாணவன் கண் அடிக்கோட்டைத் தேடவே பழகக்கூடும். வயலில் ஒரு பூச்சிக்கு மட்டும் ஊக்கத்தொகை கிடைக்குமானால், அருகிலுள்ள வேறொரு பூச்சி பார்வைக்குத் தப்பிவிடக்கூடும்.

மேலும், கவனம் சிதறும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன் சற்று நிதானிக்கவேண்டும். விலக்க விரும்பியும் விலக்க இயலாத ஈர்ப்பு உண்டு என்பதனை மேற்கண்ட பரிசோதனைகள் காட்டுகின்றன. கடிந்துரைப்பதைவிட, அவ்வீர்ப்புப் பொருளை அவன் கண்ணெதிரிலிருந்து அகற்றி வைப்பது பெரும்பாலும் நற்பயன் தரும்.