சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் இருந்த வார்டில் அந்தக் காலத்தில் ஸ்பிரிட் வாசனையும் பவுடர் வாசனையும் கலந்தே வீசும். காலையில் நர்ஸம்மா வந்து நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகிலும் இடுப்பிலும் ஸ்பிரிட் தடவி வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். சிவந்த இடம் கண்ணில் பட்டால் அங்கே இன்னும் நாலு தேய்ப்பு. இடுப்புக்குக் கீழே காற்றடைத்த வளையம். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பி முடிச்சிட்ட கையுறை. எல்லாம் படுக்கைப்புண் வராமல் இருக்கத்தான். அந்த அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அறிவுதான் பிறகு வந்தது.

இன்று சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து நொந்துபோன இடம் அது; தேய்த்தால் சேதம் கூடும். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். வளையமோ தன் விளிம்பில் அழுத்தி ரத்தத்தை மறிக்கும். கையுறையும் போய், கெண்டைக்காலின் கீழ் தலையணை வந்தது. குதிகால் எதிலும் படாமல் நிற்கிறது.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் செவிலியர் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கிலாந்தின் டோரீன் நார்ட்டன், மருத்துவமனையில் இருந்த முதியோரைக் கவனித்து, சக ஆய்வாளர்களோடு 1962இல் ஆய்வை வெளியிட்டார். பூசுவதைவிடப் புரட்டிப் படுக்கவைப்பதே முக்கியம் என்பது அதன் சாரம். உடல்நிலை, நினைவுத் தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என ஐந்துக்கும் மதிப்பெண், மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் குறைவோ வந்தால் புண் வரும் அபாயம் உண்டு. வந்த புண்ணுக்கு மருந்து கட்டுவது போய், வரும் முன்னே கணிக்கும் வழி கிடைத்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'சிவப்பு' என்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய அடையாளம். நம் நிறத்தில் அது தெரியாமலே போகலாம். தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அதுவே எச்சரிக்கை.

முன்பு இந்த அறிவு வார்டு வாசலோடு நின்றுவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டு கையில் வரும். புரட்டும் முறை வராது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள். மருமகளும் மகனும் கட்டிலருகே நின்று, கைபிடித்துக் கற்றுக்கொள்ள இப்போது வழி இருக்கிறது.

மனசு விஷயத்திலும் பாடம் மாறியிருக்கிறது. "எல்லாருக்கும் பாரமாக் கெடக்கேன், போய்ச் சேந்தாப் போதும்" என்று பாட்டி சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா" என்று வாயடைப்பதே அன்று ஆறுதல். சாக நினைக்கிறீர்களா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்று இன்று தெரியும். செவிலியர்கள் நேராகக் கேட்கப் பழகுகிறார்கள். வீட்டாரும் கேட்கலாம். பதில் கலங்க வைத்தால், 14416 என்ற 'டெலி மனஸ்' மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்வார்கள். பாட்டியைத் திருப்பிப் படுக்கவைத்த பிறகு, அவர் முகம் இருக்கும் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கேட்பதற்கு அதுவே நல்ல நேரம்.