புடவைக்கு மேல் ஒரு சட்டை

டெல்டாவில் நடவு நடக்கும் வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால், குனிந்து நிற்பது ஆண்களா பெண்களா என்று சட்டெனப் பிடிபடாது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சட்டை பெரும்பாலும் கணவருடையது. இல்லையென்றால் மகன் போட்டுக் கழித்தது. பையில் வெற்றிலை, சில்லறை, இப்போது செல்போனும் சேர்ந்துவிட்டது.

நெல் தோகையின் ஓரம் கையை அறுக்கும். வெயில், சேறு, குனியும்போது விலகும் மாராப்பு எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டைதான் மறைப்பு. ஆனாலும் வேலை முடிந்ததும் வாய்க்காலில் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றிச் சுருட்டிய பிறகுதான் பலர் ஊருக்குள் நடக்கிறார்கள். ஊர்க் கண்ணுக்கு அது கூலிக்காரச் சட்டை. சொந்த நிலத்தில் இறங்கும் பெண்ணும் அதையேதான் போடுகிறார், அதையேதான் கழற்றுகிறார்.

ஆண்களின் துண்டுக்கு வேறு கதை. கீழத்தஞ்சையில் பண்ணையாள் ஒருவர் மிராசுதார் எதிரில் தோளில் துண்டு போட்டு நிற்க முடியாது. இடுப்பில் கட்டவோ அக்குளில் இடுக்கவோ வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அவர் விரும்பிக் கழற்றியதை இவர்கள் விரும்பியும் போட முடியாத காலம் அது. 1940-களில் செங்கொடிச் சங்கம் வந்த பிறகே இடுப்புத் துண்டு தோளுக்கு ஏறத் தொடங்கியது. பின்னாளில் பச்சைத் துண்டு விவசாயியின் அடையாளமாயிற்று. 2017-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் பச்சைக் கோவணத்தோடு அமர்ந்தபோது, அவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

குறைதீர் கூட்டத்தில் இன்றும் பச்சைத் துண்டுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்துவிடும். பட்டாவைத் தன் பெயரில் வைத்திருக்கும் பெண் நல்ல புடவை கட்டி வந்தால், "யார் கூட வந்திருக்கீங்கம்மா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வயல் சட்டையோடு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நாற்றைப் பிடித்த கைக்கு இது நியாயமில்லை.

கழித்த சட்டை என்பதாலேயே அது நேற்று எங்கே இருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. கணவர் பூச்சிமருந்து தெளித்தபோது போட்டிருந்த சட்டை, மறுநாள் களையெடுக்க மனைவியின் உடம்பில் ஏறுகிறது. பல மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். வியர்வையில் நனைந்த துணி அதற்கு வழி செய்து கொடுக்கும். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் மருந்து தெளித்த பருத்தி விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியாது.

தெளிப்புச் சட்டையைத் தனியாக வையுங்கள். வீட்டுத் துணியோடு ஊற வைக்காமல், கையுறை மாட்டிச் சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ அலச வேண்டாம். களையெடுக்கும் பெண்ணுக்கு அவர் அளவெடுத்துத் தைத்த பருத்திச் சட்டை வேறாக இருக்கட்டும். கை நீளம் சரியாக இருந்தால் சேற்றில் தொங்காது. பை மட்டும் கொஞ்சம் ஆழமாக வைக்கச் சொல்லுங்கள்.