பத்து நிமிஷப் பயணம், ஒரே ஒரு பைலட்

இந்த வார எபிசோடில் துபாய் ஏர் டாக்சியின் பேட்டரி, ஆறு புரொப்பல்லர், சத்தம், டிக்கெட் விலை எல்லாம் பேசினோம். அதை ஓட்டப்போகிற மனுஷனைப் பற்றின பகுதியை மட்டும் வேணும்னே இந்தக் கடிதத்துக்கு எடுத்து வெச்சேன். எண்கள் நிறைய வரும். காதுல கேட்டா நிக்காது.

அல் குசைஸில் இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, பதினாலு மணி நேரம் ஓட்டுற பைலட்டுக்கு தூக்கம், மெடிக்கல், ஓய்வுன்னு ரூல் இருக்கு, சரி. பத்து நிமிஷம் பறக்குற குட்டி விமானத்துக்கு எதுக்கு அவ்வளவு?" நல்ல கேள்வி. குட்டி விமானத்துக்குத்தான் அது கூடுதலா வேணும் என்பது என் கட்சி. நடைமுறையில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ். பெரிய விமானத்துக்கு முதல்ல விதி எழுதுவாங்க, சின்னதுக்கு அப்புறம் பார்க்கலாம்னு விட்டுடுவாங்க.

முதல்ல விமானம். ஜோபி நிறுவனத்தோட துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையம் 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டது. ஒரு பைலட், நாலு பயணி. முதல் கட்டத்தில் நாலு நிறுத்தம்: துபாய் விமான நிலையம், பாம் ஜுமைரா, டவுன்டவுன், மரினா. காரில் முக்கால் மணி நேரம் ஆகிற விமான நிலையம்–பாம் தூரத்தை பத்து பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கலாம்னு கம்பெனி கணக்கு. அந்தக் கணக்கிலேயே ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. பத்து நிமிஷப் பயணம்னா ஒரு நாளைக்கு எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்? லண்டனுக்குப் போறவருக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், நடுவில் ஆட்டோபைலட், பக்கத்தில் இன்னொரு பைலட். இவருக்கு நாள் முழுக்க ஏறி இறங்கிட்டே இருக்கணும், பக்கத்தில் யாரும் கிடையாது.

லைசென்ஸ் பகுதியை வேகமா முடிச்சிடலாம். சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐகாவோ ஒரு அடித்தளம் போட்டிருக்கு. அதுக்கு மேலே ஒவ்வொரு நாடும் கூட்டிக்கலாம். அமீரகத்தில் அந்த வேலையைச் செய்றது ஜிசிஏஏ, இந்தியாவில் டிஜிசிஏ. தனியார் பைலட் லைசென்ஸுக்கு 17 வயசு, 40 மணி நேரப் பறப்பு. அதை வெச்சு நண்பனைக் கூட்டிட்டுப் போகலாம், காசு வாங்கக்கூடாது. காசு வாங்க கமர்ஷியல் லைசென்ஸ் வேணும்: 18 வயசு, 200 மணி நேரம், அங்கீகரிச்ச முழுநேரப் பயிற்சின்னா 150. பெரிய விமானத்துக்கு கேப்டன் ஆகணும்னா 21 வயசு, 1,500 மணி நேரம்.

200 மணி நேரம் கையில் இருந்தா உடனே நாலு பேரை ஏத்திக்கிட்டுப் பறக்கலாமான்னு கேட்டா, அமெரிக்கா கூடாதுங்குது. அங்கே சார்ட்டர், ஏர் டாக்சி மாதிரி சின்ன ஆபரேட்டர்களுக்கு 'பார்ட் 135' னு தனி விதித் தொகுப்பு. அதில் வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுற பறப்புக்கே கேப்டனுக்கு 500 மணி நேரம் வேணும். மேகத்துக்குள்ள கருவியை நம்பி ஓட்டணும்னா 1,200.

மணிக்கணக்கு மேலே எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலம் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் துணை பைலட்டுக்கும் 1,500 மணி நேரம் கட்டாயம்னு அமெரிக்கா சட்டம் போட்டது. வேடிக்கை என்னன்னா, அந்த விமானத்தை ஓட்டின இரண்டு பேருக்குமே 1,500-க்கு மேல இருந்தது. கேப்டன் முன்னாடி சில பறப்புத் தேர்வுகளில் தோத்திருந்தார், அது முழுசா கம்பெனிக்குத் தெரியலை. துணை பைலட் முதல் நாள் ராத்திரி முழுக்க சியாட்டிலில் இருந்து வேற விமானங்களில் தொத்திக்கிட்டு வேலைக்கு வந்திருந்தார். அந்த ரெண்டையும் எந்த மணிக்கணக்கும் காட்டாது.

உடம்பு

இங்கேதான் விஷயம் கனமாகுது. விமான மருத்துவத்தில் 'ஒரு சதவீத விதி' னு ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஒரு பைலட் அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள திடீர்னு செயலிழக்க நூற்றுக்கு ஒண்ணுக்கு மேல வாய்ப்பு இருக்கக்கூடாது. ஏன் பூஜ்யம் கேட்கலை, ஏன் ஒண்ணு? பக்கத்தில் இன்னொருத்தர் இருக்கார்ங்கிற தைரியம்தான். ரெண்டு பேரும் ஒரே இறக்கத்தின் அதே கடைசி நிமிஷத்தில் சாயற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அதனாலதான் ஏதாவது நோய் கட்டுக்குள் இருக்கிறவங்களுக்கு 'இன்னொரு பைலட்டோட மட்டும் பறக்கலாம்' னு நிபந்தனை போட்டுச் சான்றிதழ் கொடுக்கிற வழக்கமும் இருக்கு.

ஒற்றை பைலட் விமானத்தில் அந்தக் கணக்கு முழுக்கக் கவிழ்ந்துடும். ஐகாவோவுக்கு இது தெரியும். கமர்ஷியல் பைலட்டின் மெடிக்கல் பொதுவா 12 மாசத்துக்குச் செல்லும். ஆனா தனியாளாகப் பயணிகளை ஏத்திட்டுப் பறக்கிறவருக்கு 40 வயசு தாண்டினா 6 மாசம்தான். ரெண்டு பேர் ஓட்டுற விமானத்தில் 65 வயசு வரை சம்பளத்துக்குப் பறக்கலாம், தனியா ஓட்டினா 60-ஓட சரி. சின்ன விமானத்துக்குப் பெரியதைவிட இறுக்கமான விதி இருக்கிற அபூர்வமான இடம் இது.

ஆனா மெடிக்கல்ங்கிறது வருஷத்துல ஒரு நாள். மீதி நாளெல்லாம் பைலட் சொன்னாதான் உண்டு. நம்ம வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? 2020 ஆகஸ்ட் 7, துபாயில் இருந்து கோழிக்கோடு போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் போய் உடைஞ்சது. 190 பேரில் 21 பேர் இறந்தாங்க, இரண்டு பைலட்டும் உட்பட. கொரோனா ஊரடங்கில் இங்கே மாட்டிக்கிட்டு, வந்தே பாரத் திட்டத்தில் எப்படியோ டிக்கெட் வாங்கி ஊருக்குக் கிளம்பினவங்க. விசாரணை அறிக்கை முதல் காரணமாச் சொன்னது நடைமுறை மீறல்தான்: விமானம் ஓடுபாதையில் ரொம்ப தூரம் தள்ளி இறங்குச்சு, துணை பைலட் 'மறுபடி மேலே ஏறு' னு சொல்லியும் ஏறலை. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்காத பல சர்க்கரை மாத்திரைகளை கேப்டன் எடுத்திருந்தார், அதனால் சர்க்கரை லேசா இறங்கி முடிவெடுக்கிற திறன் நுட்பமாப் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு.

அனுபவமான மனுஷர். இதை ஒரு தனி ஆளின் குறையா மட்டும் என்னால பார்க்க முடியலை. வெளியே சொன்னா லைசென்ஸ் போயிடும்னு பயம் இருக்கிற எந்த ஊரிலும் மாத்திரை பையில் ஒளிஞ்சுதான் இருக்கும். 2012-ல் இருந்து பிரிட்டன் வேற வழியில் போகுது. இன்சுலின் போடுறவங்களுக்கே கமர்ஷியல் மெடிக்கல் கொடுக்கிறாங்க. நிபந்தனை: காக்பிட்டிலேயே மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்தி அளக்கணும், இறங்குறதுக்கு அரை மணி முன்னாடி இன்னொரு தடவை, அளவு எல்லைக்கு வெளியே போனா கட்டுப்பாடு பக்கத்தில் இருக்கிறவருக்கு. கவனிச்சீங்களா, இதுக்கும் பக்கத்தில் ஒருத்தர் வேணும்.

(சின்ன விஷயம் ஒண்ணு: இந்தியாவில் 2023-ல் திருத்தின மது விதிப்படி ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூட பைலட்டுக்கு ஆகாது. ஊதிப் பார்க்கிற மிஷினுக்கு விஸ்கி எது, வாய் கொப்பளிச்சது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.)

தூக்கம்

டியூட்டி விதிகளில் ரெண்டு கடிகாரம் ஓடும். விமானம் நகர ஆரம்பிச்சதில் இருந்து நிக்கிற வரை ஒண்ணு. டியூட்டிக்கு ரிப்போர்ட் பண்ணினதில் இருந்து கடைசி விமானம் நிக்கிற வரை இன்னொண்ணு. ரெண்டாவதுதான் முக்கியம், அதில்தான் ஏற்ற இறக்கத்தின் எண்ணிக்கை வரும். ஐரோப்பிய அட்டவணையில் பகலில் ஆரம்பிக்கிற டியூட்டிக்கு ஒண்ணு ரெண்டு பயணம்னா 13 மணி நேரம் வரை போகலாம். அதுக்கு மேல ஒவ்வொரு பயணத்துக்கும் அரை மணி குறைஞ்சுக்கிட்டே வந்து 9 மணி நேரத்தில் நிக்கும். தம்பியோட கேள்விக்கு நேர் பதில் இந்த அட்டவணையில் இருக்கு: களைப்பைக் கூட்டுறது தூரம் மட்டும் இல்லை, எத்தனை தடவை இறங்குறோம் என்பதும்தான்.

அதே ஐரோப்பிய விதி 2016-ல் நடைமுறைக்கு வந்தப்போ ஏர் டாக்சி, ஆம்புலன்ஸ் விமானம், ஒற்றை பைலட் விமானம் மூணையும் வெளியே விட்டுட்டு, பழைய விதியே போதும்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவில் பெரிய பயணி விமான பைலட் ஒரு வருஷத்தில் 1,000 மணி நேரம் வரை பறக்கலாம். பார்ட் 135-ன் அட்டவணை இல்லாத சார்ட்டர் பைலட்டுக்கு எல்லை 1,400. களைப்புக்கு விமானத்தோட அளவு தெரியுமா என்ன?

2008 ஜூலை 31, மினசோட்டாவின் ஓவட்டோனாவில் ஒரு சின்ன சார்ட்டர் ஜெட் ஈரமான ஓடுபாதையில் இறங்கி, நிக்காதுன்னு தெரிஞ்சு கடைசி நொடியில் மறுபடி எழும்பப் பார்த்து விழுந்தது. எட்டுப் பேரும் போயிட்டாங்க. ரெண்டு பைலட்டுக்கும் களைப்பு இருந்திருக்கும்னு விசாரணை சொன்னது. துணை பைலட்டின் ரத்தத்தில் தூக்க மாத்திரை மருந்து இருந்தது. பெரிய ஏர்லைனில் கட்டாயமா இருந்த குழுப் பயிற்சி, அந்த மாதிரி சின்ன கம்பெனிக்கு அன்னிக்குக் கட்டாயம் இல்லை.

விதிக்குள்ள இருந்தா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்லை. 2010 மே 22 மங்களூர் விபத்து நம்மில் பலருக்கு வீட்டில் கேட்ட பேச்சு. மங்களூரில் இருந்து ராத்திரி கிளம்பி, துபாய் வந்து, உடனே திரும்பிய விமானம். காலை 6:05-க்கு இறங்கும்போது ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் தரையைத் தொட்டது. 166 பேரில் எட்டுப் பேர் மட்டும் பிழைச்சாங்க. காக்பிட் ஒலிப்பதிவில் கிடைச்ச 2 மணி 5 நிமிஷத்தில் முதல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட கேப்டன் தூங்கிக்கிட்டு இருந்தார், குறட்டைச் சத்தத்தோட. ஓய்வு விதி மீறப்படலை. ஆனா விதி எண்ணுறது ஓய்வுக்குக் கொடுத்த மணி நேரத்தை, தூங்கின மணி நேரத்தை இல்லை. ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரை உடம்பு தானா சாயும். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழுந்த கையோட மூளை முழுசா வேலைக்கு வராது.

மறுபடி கோழிக்கோடு. அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத பகுதி மாத்திரை இல்லை. அந்த கேப்டன் மறுநாள் காலை கோழிக்கோட்டில் இருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியவர். மழைக்காக வேற ஊரில் இறங்கியிருந்தா, டியூட்டி நேர விதிப்படி அவருக்கு ஓய்வு கொடுத்தாகணும். அப்போ காலை விமானத்துக்கு ஆள் இல்லை, ஏன்னா அந்தத் தளத்தில் போதுமான கேப்டன்கள் இல்லை. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கணும்ங்கிற எண்ணத்துக்கு இதுவும் காரணமா இருந்திருக்கலாம்னு அறிக்கை கணக்குப் போட்டுக் காட்டியது. களைப்பைத் தடுக்க எழுதின விதி, மாற்று ஆள் இல்லாத இடத்தில், இறங்கச் சொல்லித் தள்ளுற கையா மாறிடுது.

பெரிய ஏர்லைனுக்கே இந்த நிலைமை. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து பண்ணினதும் இதே கதைதான்: வார ஓய்வு 36-ல் இருந்து 48 மணி நேரம் ஆச்சு, ராத்திரி இறக்கம் ஆறில் இருந்து ரெண்டாச்சு, ஆனா அதுக்குத் தேவையான பைலட்டுகளைத் தயாரா வெச்சிருக்கலை. அன்னிக்கு ஏர்போர்ட்டில் எல்லாரும் விதியைத் திட்டினாங்க. எனக்கென்னவோ திட்டு வேற கதவுக்குப் போயிருக்கணும்.

நாலே பைலட் இருக்கிற கடல்விமானச் சுற்றுலா கம்பெனியோ, ஹெலிகாப்டர் கம்பெனியோ எப்படி இருக்கும்னு யோசிங்க. ஒருத்தர் "இன்னிக்குத் தலை சுத்துது, வரலை" னு சொன்னா, நாளின் கால்வாசி வருமானம் போச்சு. அவர் சொல்லத் தயங்குவார். விமானத்தில் தயங்கினதைக் கேட்க ரெண்டாவது ஆளும் இல்லை. அதனால ஏர் டாக்சி ஆரம்பிச்சப்புறம் நான் கேட்கப்போற கேள்வி பேட்டரி பற்றி இருக்காது. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை இறக்கம், காத்திருப்பில் எத்தனை பைலட், களைப்புன்னு சொல்லி விலகினவருக்கு அன்னிக்குச் சம்பளம் உண்டா. இது மூணும்தான்.

கடைசியா, "கண்ணாடி போட்டிருக்கேன், பைலட் ஆக முடியுமா?" னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. முடியும். கண்ணாடியோட ஒவ்வொரு கண்ணும் 6/9, ரெண்டும் சேர்ந்து 6/6 வந்தா ஐகாவோ ஏத்துக்கும். பயிற்சிப் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி முதல் வகுப்பு மெடிக்கலை முடிச்சிடுங்க, பணம் கட்டிட்டு அப்புறம் மெடிக்கலில் தடை வந்தா வீட்டில் பதில் சொல்ல முடியாது. பறக்கும்போது இன்னொரு ஸ்பேர் கண்ணாடி கைக்கு எட்டுற இடத்தில் இருக்கணும். அதுவும் ரூல்தான்.