நடைத்துணைக் கருவிகளைப் பேணுதல்

மதுரைக்கு மேற்கே, நாகம் நீண்டு கிடப்பதுபோலத் தோன்றும் குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் அருகிருக்கும் இவ்வூரில், சக்கர நாற்காலியில் கல்வி பயிலச் செல்லும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நடப்பவருக்குச் செருப்பு அறுந்தால் வெறுங்காலோடு வீடு சேரலாம். நாற்காலியின் முன்சக்கரத் திருகு கழன்றாலோ அவருடைய பயணமே நின்றுவிடும். ஆகவே, நடைத்துணைக் கருவியைப் பெறுவதைப் போலவே அதனைப் பேணக் கற்பதும் இன்றியமையாதது.

முன்னோடிகள்

1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவருடைய முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிறுவனம் உருவாயிற்று. கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். கருவியைப் பயன்படுத்துபவரே பிறருக்கு வழிகாட்டவும் இயலும் என்பதற்கு இவர்கள் சான்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட நெறிமுறைகள், சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாக வகுக்கின்றன. பயனாளருக்குப் பயிற்சி அளித்தல் ஏழாம் படி. பராமரிப்பும் பழுதுநீக்கமும் தொடர்கவனிப்பும் எட்டாம் படி.

சக்கரமும் தடையும்

பல நாற்காலிகளில் தடைக்கட்டை டயரின்மேல் அழுந்தியே சக்கரத்தை நிறுத்துகிறது. காற்றுக் குறைந்தால் டயர் தளரும். கட்டையின் பிடியும் தளரும். அந்நிலையில், கட்டிலுக்கு மாறும் வேளையில் நாற்காலி நழுவிப் பயனாளர் விழ நேரிடும். எனவே, முதலில் காற்றை நிரப்பிய பின்னரே தடையைச் சரிசெய்தல் வேண்டும். முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்வதுண்டு. அவற்றை வாரந்தோறும் அகற்றினால் சக்கரம் எளிதாகச் சுழலும். தளர்ந்த திருகுகளை முடுக்குவதும், ஆரக்கம்பிகளைத் தொட்டுப் பார்த்துத் தளர்ச்சி அறிவதும் எவரும் கற்கத்தக்கவை. பஞ்சர் ஒட்டுதல் போன்ற பணிகளுக்கு ஊர் மிதிவண்டிக் கடையே போதும். கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியின் சங்கிலியைத் துடைத்த பின்னரே மசகு எண்ணெய் இடவேண்டும். புழுதியின்மேல் இட்ட எண்ணெய் தேய்மானத்தை மிகுவிக்கும்.

உடலுக்கேற்ற அளவு

கால்தாங்கி மிகத் தாழ்ந்திருந்தால் மேடுபள்ளங்களில் இடிக்கும். தரைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளி தேவை. மிக உயர்ந்திருந்தால் தொடைகள் மெத்தையில் படியாமல், உடலின் எடை இடுப்பின் அடியெலும்புகளின்மேல் குவியும். தொடுவுணர்வு இழந்தவருக்கு அவ்வழுத்தம் வலியாகத் தெரியாது. புண்ணான பின்னரே தெரியவரும். ஓர் அங்குல அளவுப் பிழை, பல மாதப் படுக்கைக்குக் காரணமாகலாம்.

அக்குள் ஊன்றுகோலுக்கும் அளவு உண்டு. நிமிர்ந்து நிற்கையில் அதன் மேற்பகுதிக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கிடை இடைவெளி இருத்தல் வேண்டும். தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு உயரத்தில் கைப்பிடி அமைந்தால், பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கும். எடையைக் கைகளே தாங்கவேண்டும். அக்குள் தாங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் ஈரத்தரையில் ஊன்றுகோல் வழுக்கும். அதனை உடனே மாற்றுதல் நன்று.

எல்லை அறிதல்

எல்லா மாற்றங்களையும் தாமே செய்துகொள்ளுதல் கூடாது. பின்சக்கர அச்சை முன்னோக்கி நகர்த்தினால் நாற்காலியைத் தள்ளுவது எளிதாகும். ஆயின், அது பின்புறம் கவிழும் வாய்ப்பும் கூடும். இத்தகைய மாற்றங்களையும், சட்டத்தில் ஏற்பட்ட விரிசலையும் பயிற்சி பெற்றவரிடமே விடவேண்டும்.

உதவ முன்வருவோர் கருவியைத் தொடுமுன் அதற்குரியவரின் இசைவைப் பெறுதல் பண்பாகும். சக்கர நாற்காலி அதில் அமர்ந்திருப்பவருக்கு உடலின் ஒரு பகுதியைப் போன்றது. அதனைத் தாமே பேணத் தெரிந்தவர், பிறருடைய ஓய்வு நேரத்துக்காகக் காத்திராமல் தம் பயணத்தைத் தாமே தொடங்குவார்.