ஓடும் வீட்டில் பாட்டும் படமும்

கட்டில், அடுப்பு, டிவி எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி ஒன்று பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் நின்றால் இன்றைக்கும் கூட்டம் கூடிவிடும். கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. நம் பக்கம் கேரவன் இன்னும் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதான். ஆனால் வண்டியிலேயே ஆக்கித் தின்று, வண்டியிலேயே படுத்தெழுந்து, மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராதவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. மானாவாரி பொய்த்த வருடங்களில் திருச்செங்கோட்டு போர் வண்டியில் ஏறி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனவர்கள் உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவர்களும் உண்டு. இவர்களுடைய வண்டிக்குள் பாட்டும் படமும் வந்து சேர்ந்ததில் பாதிக்கு மேல் கரண்டின் கதை.

எழுபதுகளில் கேபினுக்குள் பாட்டு என்றால் டிரான்சிஸ்டர். பேட்டரிக் கட்டை போட்டு ஓடும். வண்டி கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கும் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இலங்கை வானொலியின் பாட்டும் அப்துல் ஹமீதின் குரலும் மத்திய அலையில் தமிழ்நாடு முழுக்கக் கேட்ட காலம் அது. சேலத்திலிருந்து வரும்போது மஞ்சவாடி கணவாயில் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் சித்தேரி மலை. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி, ஸ்டேஷன் இருக்கும் திசைக்குக் குறுக்காகக் கிடந்தால்தான் அலையை நன்றாக இழுக்கும். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் கிளீனர் பையன் செட்டைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இரும்புக் கேபின் வேறு அலையை மறைக்கும்; ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால்தான் பாட்டு. டயர் தட்டிப் பார்ப்பது, டீ வாங்கி வருவது போல இதுவும் கிளீனரின் உத்தியோகத்தில் ஒன்று.

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது 1963இல். அது நம் லாரிக்குள் ஏற எண்பதுகள் ஆயிற்று. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. இளையராஜாவின் பாட்டுகளை எக்கோ கம்பெனி கேசட்டாக வெளியிட்டது. அதற்குக் காத்திருக்கப் பொறுக்காதவர்கள் ரெக்கார்டிங் கடைக்குப் போனார்கள். சட்டம் என்ன சொன்னாலும், ஒரு டிரைவரின் ரசனையை அவர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் போலக் காட்டிக்கொடுத்தது வேறெதுவும் இல்லை.

கரண்ட் வில்லங்கம் இங்கேதான் தொடங்கியது. கார் டேப் 12 வோல்ட்டில் ஓடும். பெரிய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். டேப்பை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். அதனால் இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொடுப்பது வழக்கமாயிற்று. பாட்டு வந்துவிடும், டிரைவருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் நாளெல்லாம் கூடுதலாக இறங்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் சார்ஜ் ஏற்றும். இறங்கினது முழுக்க நிறையாது. இறங்காதது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். முடிவில் இரண்டும் சேர்ந்தே கெடும். ‘பேட்டரி ஒரு வருசம்கூடத் தாங்கலையே’ என்று பேட்டரிக் கடையோடு சண்டைக்குப் போன ஓனர்களில் எத்தனை பேர் டேப்பின் ஒயரைப் பார்த்திருப்பார்கள்? 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் பெட்டி வந்த பிறகும் பழைய பழக்கம் உடனே போகவில்லை. நடுவிலிருந்து இழுக்க ஒரு முழம் ஒயர் போதுமே.

இன்னொரு தொல்லை சத்தம். அந்தக்கால லாரியில் எஞ்சின் கிட்டத்தட்ட டிரைவரின் மடியில். ஜன்னல் இரண்டும் திறந்தே கிடக்கும். அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் எஞ்சினில் கரைந்துவிடும். மேல்ஸ்தாயியில் பாடுகிறவர் குரலும் நாதஸ்வரமும்தான் தப்பித்து வரும். டிரெபிளை முழுக்கத் திருகி வைத்ததை ரசனைக் குறைவென்று கேலி பேசினார்கள். அந்தக் கேபினில் அது ஒன்றுதான் வழி. நல்ல பாட்டுக்கு முதல் தேவை நல்ல பாக்ஸ் என்று கடைக்காரர் சொல்வார். அதற்கு முன்னால் எஞ்சின் மூடியின்மேல் கனத்த போம் ஷீட் ஒட்டிப் பார்க்கலாம், அதில் கிடைக்கும் லாபம் அதிகம். 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டிருக்கிறது. டிரைவர் வெயிலில் வேகக் கூடாதென்று வந்த விதி அது. அதன் புண்ணியத்தில் ஜன்னல் மூடுவதால், பாட்டின் அடிச்சத்தமும் முதல்முறையாக உள்ளே கேட்கிறது.

படம் வந்தது பஸ் வழியாக. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் போட்ட அதே எண்பதுகளில், டிரைவர் தலைக்குப் பின்னால் கனத்த டிவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடியோ கோச் பஸ்கள் ஓடின. டெக்குக்கும் டிவிக்கும் 230 வோல்ட் வேண்டும், இன்வெர்ட்டர் வைத்தார்கள். அந்த இன்வெர்ட்டர் தந்த கரண்ட் வீட்டுக் கரண்டைப் போல வழவழப்பானதல்ல, படிப்படியாக வெட்டுப்பட்டது. அதனால் வசனத்துக்கு அடியில் ஒரு ‘ங்ங்ங்’ ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்டுப் பள்ளத்தில் படம் குதிக்கும். வெளியாகி ஒரு வாரம் ஆகாத படத்தைக்கூடப் பஸ்ஸில் போட்டார்கள். திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் தமிழக அரசு கொண்டுவந்தது 2004இல். அதற்குப் பிறகு புதுப்படம் போடப் பஸ்காரர்கள் கொஞ்சம் யோசித்தார்கள்.

சேலம் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களில் பாட்டுதான் போட்டிக்கு ஆயுதம். டைமுக்கு வரும் அரசு பஸ்ஸை விட்டுவிட்டுப் பாட்டு வண்டிக்காகக் காத்து நிற்கும் காலேஜ் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவைப் பருவம் தொடங்கினால் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். எடை போடும் முறை வரும்வரை டிரைவருக்கு அந்த சீட்தான் வீடு. டிராக்டரில் 12 வோல்ட்தான். லாரிக்கு இருந்த வில்லங்கம் இல்லை. மட்கார்டுமேல் பாக்ஸ் கட்டினவர்கள் ஆளுக்கொரு பாட்டு போட, முன்வண்டி பாட்டும் பின்வண்டி பாட்டும் நடுவில் மோதிக்கொள்ளும்.

சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போகும் டூரிஸ்ட் வேன்களில் இது உச்சத்துக்குப் போனது. மேலே கலர் லைட், சீட்டுக்கு அடியில் சப்-ஊஃபர், பின்னால் ஆம்ப். ஆம்ப்மேல் ‘3000 வாட்ஸ்’ என்று அச்சடித்திருப்பார்கள். பின்பக்கம் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள்: 20 ஆம்பியர். 12 வோல்ட்டை 20ஆல் பெருக்கினால் 240. அதைவிட ரொம்பக் கூடுதலாகத் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் ஒன்று கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதையடுத்து கேரளாவில் டூரிஸ்ட் வண்டிகளின் லேசர் லைட், காதைக் கிழிக்கும் செட் எல்லாவற்றின்மேலும் கெடுபிடி வந்தது. எல்லை தாண்டும் நம் வேன்காரர்கள் பாதிப்பேர் செட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கேசட்டுக்கும் போனுக்கும் நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். எம்பி3 சிடியில் நூற்றுக்கு மேல் பாட்டு. ஆனால் குலுங்கினால் லேசர் வழி தவறி, பாட்டு திக்கும். அசையும் பாகம் எதுவும் இல்லாத பென் டிரைவ் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த இடத்தில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடை கொஞ்ச காலம் நடந்தது. பிறகு அதுவும் போனது.

இப்போது டேஷ்போர்டில் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன். இதில் எனக்கு ஒரே ஒரு கோபம். ஸ்கிரீனோடு வரும் ஒயர்களில் ஒன்றை ஹேண்ட் பிரேக் சுவிட்சில் கொடுக்க வேண்டும். பிரேக் போட்டு வண்டி நின்றால்தான் வீடியோ ஓடும் என்பதற்கான ஏற்பாடு அது. மாட்டிக் கொடுப்பவர்கள் பலரும் அந்த ஒயரை நேராக எர்த்தில் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி எப்போதும் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு ஸ்கிரீன், எண்பதில் போகும்போதும் படம் காட்டும். இதைக் கேட்டு வாங்குகிறவரையும் செய்து கொடுக்கிறவரையும் ஒரே தராசில்தான் வைக்க வேண்டும்.

போர் வண்டிக்கு வருவோம். ரிக்கோடு இன்னொரு லாரியும் போகும். குழாய், டீசல் பேரல், அரிசி மூட்டை, ஆட்களின் படுக்கை எல்லாம் அதில். பகலெல்லாம் கம்ப்ரசர் சத்தத்தில் காது அடைத்துக் கிடப்பவர்களுக்கு ராத்திரியில் அரை மணி நேரம் தமிழில் ஏதாவது கேட்க வேண்டும். முன்பு அதற்கும் கேபின் டேப்தான். டிடிஎச் வந்த பிறகு குடையையும் கூடவே கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஓடும்போது அது பயன்படாது. நிறுத்தினால் திசை பார்த்துத் திருப்ப வேண்டும். நம் ஊரில் குடை தென்கிழக்கே திரும்பி, அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். சத்தீஸ்கர் போனால் செயற்கைக்கோள் இன்னும் தெற்கே தள்ளித் தாழ்ந்து தெரியும். குடையையும் தெற்கே திருப்பிக் கொஞ்சம் குனிய வைக்க வேண்டும். பூகோளப் பாடத்தை இப்படிக் கையால் படித்தவர்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாதவர்கள்.

கணக்கும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் 1200 வாட்-மணி இருப்பதாகப் பேர். ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுசு போய்விடும், ஆக 600. முப்பத்திரண்டு அங்குல எல்இடி டிவிக்கு 50 வாட், செட்-டாப் பாக்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு 30. இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் ஆறு மணி நேரம் ஓடும். பழைய பெட்டி டிவிக்கு இதில் பாதி நேரம் தேறினாலே பெரிது. நேராக 12 வோல்ட்டில் ஓடும் டிவி வாங்கினால் இன்வெர்ட்டரே வேண்டாம்; அந்த நஷ்டமும் மிச்சம். ஆனால் இந்தப் பேட்டரி, வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரியாக இருக்கவே கூடாது. ராத்திரி படம் பார்த்துவிட்டுக் காலையில் ஆள் சேர்த்து வண்டி தள்ள, பெரிய லாரி என்ன ஸ்கூட்டரா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டிவிக்காக இவ்வளவு சிரமப்பட வேண்டிய அவசியம் மெல்லக் குறைந்தது. ஆட்களும் மாறிவிட்டார்கள். அன்று போர் வண்டியில் எல்லோரும் நம் பக்கத்துக்காரர்கள். ‘அண்ணே, அந்தப் பாட்டையே திருப்பிப் போடுண்ணே’ என்றால் டிரைவர் அண்ணன் போடுவார், போடாமலும் விடுவார். ஆனால் பாட்டு எல்லோருக்கும் ஒன்று. இன்று டிரில்லர் நம் ஊர்க்காரர், ஹெல்பர் பையன்கள் சத்தீஸ்கர், பீகார், ஒடிசா. பொதுவில் ஒரு பாட்டு போட்டால் ஒருவருக்குப் பிடிக்கும், நாலு பேருக்குப் புரியாது. ஹெட்செட் வந்ததால் பிரிந்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. பாஷையால் முன்பே பிரிந்திருந்தவர்களுக்கு ஹெட்செட் சண்டையை மிச்சப்படுத்தியது. பாட்டைவிட வீட்டுக்குப் பேசும் வீடியோ கால்தான் அவர்களுக்கு ராத்திரிப் பொழுதுபோக்கு. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் தண்ணீருக்கு அடுத்தபடி டவர் பார்க்கிறார்கள்.

காதில் ஒயர் மாட்டக் கூடாத ஒரே ஆள் டிரைவர். அவருக்குக் கேபினில் கன்வெர்ட்டரோடு நல்லதாக இரண்டு பாக்ஸ் போதும். மற்றபடி புது லாரிக்குப் பாடி கட்டும் ஓனர்கள் படுக்கைக்கு ஒரு சார்ஜர் பாயிண்ட், அதற்குத் தனி ஃபியூஸ், தனி பேட்டரி, முடிந்தால் மேலே நூறு வாட் சோலார் பேனல் என்று ஒயரிங்கை முதலிலேயே இழுத்துவிடுவது நல்லது. பலகை அடித்த பிறகு பிரித்து இழுத்தால் எலக்ட்ரீசியன் கூலியும் தச்சர் கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.