பெர்லின்ல ரூம் தேடுறீங்களா? முதல்ல 'அன்மெல்டுங்' கேளுங்க!

வேலை லேப்டாப்பில்தானே, எங்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று பெர்லினுக்குப் பெட்டி கட்டும் ஆசை உங்களுக்கும் இருக்கலாம். விசா கிடைத்தாலும், அங்கே தனி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சம்பளச் சீட்டு கேட்பார்கள், 'ஷூஃபா' என்கிற கடன் வரலாறு கேட்பார்கள். புதுசா போய் இறங்கினவங்ககிட்ட அதெல்லாம் எங்கே இருக்கும்? அதனால்தான் பலர் கோலிவிங் பக்கம் போகிறார்கள். ரூம் உங்களுக்கு, கிச்சன் எல்லோருக்கும். கட்டில், மேசை, வைஃபை, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷனோட பணக்காரத் தம்பின்னு வெச்சுக்கோங்க.

போட்டோவைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "இங்கே அன்மெல்டுங் பண்ண முடியுமா?"

ஜெர்மனியில் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதுதான் அன்மெல்டுங். 2015 நவம்பரிலிருந்து, வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட உறுதிச் சீட்டும் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது. பதிவு செய்தால்தான் உங்கள் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் ஜெர்மன் கம்பெனியில் சம்பளம் வாங்கினால், அதிக விகிதத்தில் வரி பிடித்துவிட வாய்ப்புண்டு. கொஞ்ச நாள் தங்குறவங்களுக்கு இந்தச் சீட்டைத் தர மறுக்கும் இடங்களும் உண்டு. வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

தபால்னு சொன்னேன் இல்லையா, பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கணும். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போயிடும்.

அடுத்தது நேரம். நம்ம ஊர் டீமோட வேலைன்னா, காலை 9:30 மீட்டிங் பெர்லினில் கோடையில் காலை 6 மணி, குளிர்காலத்தில் 5 மணி. இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம். பக்கத்து ரூம்காரர் சும்மா விடமாட்டார். அதனால் பொது ஹாலில் 'ஒர்க்கிங் ஸ்பேஸ்' இருக்கு என்பதில் ஏமாறாதீங்க. உங்கள் ரூமுக்குள்ளேயே மேசையும், ஒழுங்கா மூடும் கதவும் வேணும்.

டெபாசிட்டாக, ஹீட்டர் முதலிய செலவு சேராத வாடகையில் 3 மாதத்துக்கு மேல் வாங்க சட்டம் இடம் தரவில்லை. அதையும் 3 தவணையாகக் கட்டலாம். "நான் வெளிநாட்டுல இருக்கேன், பணம் போடுங்க, சாவியை கூரியர்ல அனுப்புறேன்" என்று ஒருவர் சொன்னால், சந்தேகமே வேண்டாம், மோசடிதான்.

என்னைக் கேட்டால், கோலிவிங்கில் 2, 3 மாதம் போதும். அதற்குள் பதிவு, பேங்க் கணக்கு எல்லாம் முடித்துவிட்டு, பலர் சேர்ந்து எடுக்கும் 'வேகே' வீடுகளில் ரூம் தேடுங்க. பெரும்பாலும் வாடகை குறைவு. ஆனால் ஏற்கெனவே இருப்பவர்கள் இன்டர்வியூ வெச்சுத்தான் ஆள் எடுப்பாங்க, கேம்பஸ் பிளேஸ்மென்ட் மாதிரியே!